இடுப்புக் கோட்டுக்குக் கீழே

ஐப்பசி மழை பிடிக்கிற சமயத்தில், வருடம் தவறாமல், பத்தாம் வகுப்பிலிருந்து ஒரு பெண் மைதானத்துக்கு ஓடிவருவாள். "மிஸ், இங்கிலீஷ் மிஸ் ஒங்கள கூப்பிடுறாங்க. பெல்ட்டையும் எடுத்துட்டு வரச் சொன்னாங்க" என்பாள். நான் விசிலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போவேன்.

நான் அந்தப் பள்ளியின் கேம்ஸ் டீச்சர். கடற்கரைச் சாலையிலிருந்து நடந்தே வந்துவிடலாம். உப்புக் காற்றில் எங்கள் கோல் போஸ்ட்டுகள் இரண்டு வருடத்துக்கு மேல் நின்றதில்லை. என்னைக் கூப்பிட்டனுப்புகிறவள் ஆங்கில ஆசிரியை. என்னைவிட மூன்று வயது மூத்தவள், பக்கத்துத் தெருக்காரி. நான் அவளை அக்கா என்பேன். அவள் என்னைப் பிள்ளைகள் முன்னாலும் 'நீ' என்றுதான் சொல்வாள். கண்டிப்பான பள்ளியில் அதை யாரும் தட்டிக் கேட்காத அளவுக்கு அவளுக்கு மரியாதை இருந்தது.

பாடத்தில் ஆங்கில மரபுத்தொடர்கள் கொஞ்சம் வரும். அதில் ஒன்று 'ஹிட்டிங் பிலோ த பெல்ட்'. அர்த்தத்தை மட்டும் எழுதிப்போட்டு நகர அவளுக்கு மனம் வராது. நான் பாண்டியில் கல்லூரி படித்தபோது இரண்டு வருடம் குத்துச்சண்டை பழகியவள். அதனால் என்னை நிற்கவைத்து, ஒரு பெல்ட்டைத் தொப்புள் மட்டத்தில் கட்டிக் காட்டச் சொல்வாள். "இந்தக் கோட்டுக்கு மேல அடிக்கலாம். மூக்கு ஒடஞ்சாலும் குத்தமில்ல. இதுக்குக் கீழ தொட்டா தப்பாட்டம்" என்பேன். பிள்ளைகள் சிரிக்கும். அப்புறம் அவள் சாக்பீஸோடு முன்னால் வருவாள்.

"சண்டையில எடுத்து அடிக்கக் கூடாத விஷயம்னு எல்லார்கிட்டயும் ஒண்ணு இருக்கும். பொறப்பா இருக்கலாம், ஒடம்புல இருக்குற கொறையா இருக்கலாம், ஒங்கள நம்பி சொன்ன ஒரு சேதியா இருக்கலாம். அத எடுத்து அடிச்சா, நீங்க ஜெயிச்சாலும் அது ஜெயிப்பு இல்ல."

பன்னிரண்டு வருடம் இந்த விளக்கத்தைப் பெல்ட்டோடு நின்று கேட்டிருக்கிறேன். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்ல வழியில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொரோனா வந்த வருடம் நாகூரில் இருந்த அவளுடைய மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஒற்றை மகன், அவன் சவுதியில். விமானமே இல்லாத நேரம். அக்காவும் அவள் மகளும் இங்கே காரைக்காலில், அக்காவின் வாப்பா அவளுக்குக் கொடுத்த வீட்டில். எங்கள் ஊர் முஸ்லிம் குடும்பங்களில் வீடு பெண்ணுக்குத்தான் போகும். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். அதனால் அவள் பிறந்தது, வளர்ந்தது, பெற்றது எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே.

நாகூர் என்றால் ஏதோ தூர தேசம் இல்லை. பேருந்தில் ஏறி உட்கார்ந்து ஒரு பொட்டலம் கடலையைத் தின்று முடிப்பதற்குள் வந்துவிடும். வழியில் வாஞ்சூரில் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது என்பது எங்களுக்கு மதுக்கடைகளின் வரிசை திடீரென்று நின்றுபோவதை வைத்துத்தான் தெரியும். அந்தப் பக்கத்துக்காரர்கள் பாட்டில் வாங்க இங்கே வருவார்கள். கல்யாணத்துக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் இரண்டு பக்கமும் போய் வருவார்கள். எல்லை என்று யாரும் நினைத்ததில்லை. அந்த வருடம்தான் வாஞ்சூரில் சவுக்குக் கழிகளைக் குறுக்கே கட்டி, தகரத்தை வைத்து அடைத்தார்கள்.

அவள் இ-பாஸுக்கு இரண்டு முறை விண்ணப்பித்தாள். இரண்டு முறையும் தள்ளுபடி. நாகூரில் வசிக்கிறவர் என்றால்தான் உள்ளே விடுவோம் என்றார்கள். மூன்றாம் நாள் நான் போனபோது கூடத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அங்கே மாமியாருக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசல்படியில் கஞ்சியை வைத்துவிட்டுப் போகிறார்களாம். எடுத்து ஊட்ட ஆள் இல்லை.

அப்போது நான்தான் சொன்னேன். "ஆதார்ல அட்ரஸ நாகூருக்கு மாத்திடுங்கக்கா. அப்பறம் யாரு தடுப்பா? திரும்பி வந்ததும் பழையபடி மாத்திக்கலாம்."

என் யோசனை அது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பதின்மூன்று வயது மகள் கைப்பேசியில் தட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து எந்தக் காகிதத்தைப் படம் எடுத்து ஏற்றுவது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சில நாளில் மாறி வந்தது. தாயும் மகளும் இரண்டு பைகளோடு தகரத்தின் அந்தப் பக்கம் போனார்கள். எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை. போலீஸையே ஏமாற்றிவிட்ட மிதப்பில் வீடு திரும்பினேன்.

பதினான்கு மாதம் அங்கே இருந்தாள். பள்ளி ஆன்லைனில் நடந்தது. அவள் நாகூரிலிருந்தே எங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தாள். மகள் அங்கிருந்தே எங்கள் பள்ளியில் படித்தாள். மாமியார் மவுத்தாகி அடக்கம் முடிந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்தார்கள். ஆதாரை மறுபடி காரைக்காலுக்கு மாற்றினோம். அதோடு அந்தக் கதையை மறந்தோம். மறந்தோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த மகள் என்னைச் 'சாச்சி' என்பாள். சித்தியை அவர்கள் அப்படிக் கூப்பிடுவார்கள். இரண்டு வருடம் கோச்சிங், இரண்டு முறை நீட். காலையில் என்னோடு கடற்கரையில் ஓட வரும்போதுகூடத் தாவரவியல் பெயர்களை முணுமுணுத்துக்கொண்டுதான் ஓடுவாள். இரண்டாவது முறை நல்ல மதிப்பெண். எங்கள் யூனியன் பிரதேசத்துப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் மருத்துவம் நிச்சயம் கிடைக்கும் என்றார்கள். அதற்குத் தொடர்ந்து ஐந்து வருடம் இங்கே குடியிருந்ததாகச் சான்றிதழ் வேண்டும். அதுவும் கிடைத்துவிட்டது. விண்ணப்பத்தில் தெரிந்தவர்கள் இரண்டு பேரின் சாட்சிக் கையெழுத்துக் கேட்டிருந்தார்கள். ஒன்று என்னுடையது.

இதெல்லாம் எங்கள் ஊரில் சாதாரண விஷயமில்லை. மதிப்பெண் வெளியான அன்றைக்கே எந்தத் தெருவில் யார் பிள்ளைக்கு எத்தனை என்று டீக்கடை வரை தெரியும். யார் மேலே, யார் கீழே, யார் ஒருவர் நகர்ந்தால் யாருக்கு இடம் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பார்கள். வெளியூரிலிருந்து வந்து போலி முகவரி காட்டி இடத்தைப் பறிக்கிறார்கள் என்ற ஆத்திரம் வேறு வருடா வருடம் உண்டு. அதில் நியாயமும் உண்டு.

ஜூலையில் கோ-கோ போட்டி நெடுங்காட்டில் நடந்தது. என் அணியின் கேப்டன் அக்காவின் வகுப்பு. காலையில் வேனில் எல்லோரும் ஏறிவிட்டார்கள், கேப்டனைக் காணோம். ஆங்கிலத் தேர்வு இருக்கிறது, அனுப்ப முடியாது என்று அக்கா பிடித்து வைத்துக்கொண்டாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாற்று ஆளாக வந்த சின்னப் பெண்ணுக்குப் பத்து நிமிடத்தில் கால் பிசகிவிட்டது. தோற்றுத் திரும்பினோம். 

டிராக் சூட்டில் புழுதியோடு நேராக ஆசிரியர் அறைக்குப் போனேன். ஆறு பேர் இருந்தார்கள். அக்கா தாள் திருத்திக்கொண்டிருந்தாள். என்னைக் கேட்காமல் என் பெண்ணை நிறுத்த நீங்கள் யார் என்று கத்தினேன். அவள் நிமிர்ந்து பார்த்து, கொஞ்சம் சிரிப்போடுதான் சொன்னாள்.

"வெளையாடியே சம்பளம் வாங்குறவளுக்கு மார்க்கோட அருமை எங்க தெரியப்போவுது?"

இரண்டு பேர் சிரித்தார்கள். கேலிதான். சுருக்கென்று தைத்தது என்றாலும் நேருக்கு நேரான அடி. கோட்டுக்கு மேலே பட்ட அடி. திருப்பியடிக்க எனக்கு எத்தனையோ இருந்தது. அவள் என் பீரியடுகளை வருடம் முழுக்கக் கடன் வாங்கித் திருப்பித் தராததைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

"ஆமா மிஸ், ஒங்களுக்குத்தான் அருமை தெரியும். நாகூர்ல பதினாலு மாசம் குடித்தனம் பண்ணிட்டு, ஆதாரையும் அங்க மாத்திட்டு, காரைக்கால் புள்ளைன்னு சீட்டு வாங்கப் போறீங்க."

சொல்லும்போது அது நன்றாக இருந்தது. அந்த உண்மையையும் மறைக்கக் கூடாது. சரியாகப் பட்ட குத்தைக் கை உணருமே, அந்தச் சுகம் ஒரு நொடி இருந்தது. அடுத்த நொடி அது போய்விட்டது. சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தியிருந்தார்கள். கணக்கு மிஸ் கையிலிருந்த பேனாவை மூடினாள். அக்கா தாளைப் பார்த்துக்கொண்டே, ஒரு மதிப்பெண்ணை அடித்து வேறொன்று எழுதினாள்.

அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். டீ போட்டுக் கொடுத்தாள். "விடு, கோவத்துல வந்த வார்த்தைதானே" என்றாள். நான் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தபோது, "ரூம்ல ஆறு பேர் இருந்தாங்க" என்றாள். திட்டியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பேன். உள்ளறையில் மகள் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தது கேட்டது.

அதற்கப்புறம் எதுவும் நடக்கவில்லை. அந்த எதுவும் நடக்காத நாட்கள்தான் என்னைப் படுத்தியெடுத்தன. ஒரு நாள் பேருந்து நிறுத்தத்தில் கணக்கு மிஸ் சாதாரணமாகக் கேட்டாள்: "ஆதார்ல அட்ரஸ மாத்துனா பழசு அழிஞ்சிடுமா, இல்ல எங்கயாச்சும் இருக்குமா?" எனக்குத் தெரியாது என்றேன். அவள் தங்கை மகனும் அதே பட்டியலில் இருந்தான். ஆனால் அன்றைக்கு எங்கள் ஊரில் யார் வீட்டில்தான் ஒரு பிள்ளை அந்தப் பட்டியலில் இல்லை? பின்னால் நடந்ததற்கு அவள்தான் காரணம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. இன்றுவரை இல்லை.

இன்னொரு நாள் ரவிக்கை தைக்கக் கொடுத்த இடத்தில் தையற்காரப் பெண் பேச்சுவாக்கில், "ஒங்க ஸ்கூல்ல அந்த நாகூர் மிஸ் இருக்காங்கல்ல" என்றாள். எந்த மிஸ் என்றேன். அக்காவின் அடையாளத்தைச் சொன்னாள். ஐம்பது வருடமாக ஒரே தெருவில் இருக்கிற குடும்பம் அது. அளவெடுக்க நீட்டிய கையை நான் மடக்கிக்கொண்டேன். நான் விட்ட வார்த்தை ஊருக்குள் தனியாகப் பேருந்தேறிப் போய் வருகிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆகஸ்டில் தாலுகா அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். விசாரிக்கிற அதிகாரி சின்ன வயதுக்காரர், தன்மையாகப் பேசினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். பெயர் போடாத மனு ஒன்று வந்திருக்கிறது, சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவர் என்பதால் உங்களையும் கேட்கவேண்டியிருக்கிறது என்றார். பிறகு அந்த மனுவைப் படித்தார்.

"நாகூரில் பதினான்கு மாதம் குடித்தனம் செய்துவிட்டு, ஆதாரையும் அங்கே மாற்றிவிட்டு, காரைக்கால் பிள்ளை என்று சீட்டு வாங்கப் போகிறார்."

எழுத்துத் தமிழாக்கியிருந்தார்கள். மற்றபடி ஒரு சொல் மாறவில்லை. 'ஆதாரையும்' என்பதில் நான் கொடுத்த அழுத்தம்கூட அப்படியே இருந்தது. என் குரலை வேறொருவர் வாயில் கேட்டேன். 

"அந்தப் பதினாலு மாசம் அவங்க எங்கங்க இருந்தாங்க?" என்று கேட்டார்.

"இங்கதாங்க இருந்தாங்க. நான் தெனமும் பாத்தேன்."

"எழுதிக் கொடுத்துடுறீங்களா?"

எழுதிக் கொடுத்தேன். ஒரு பொய்யால் அந்த உண்மையை அடைத்துவிடலாம் என்று நினைத்தேன். வெளியே வந்தபோது மரத்தடியில் அக்காவும் மகளும் நின்றிருந்தார்கள். அடுத்து அவர்கள் முறை. என்னைத் தாண்டிப் போகும்போது மகள் மட்டும் "சாச்சி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

உள்ளே அவர்களை ஆதாரில் இதுவரை செய்த மாற்றங்களின் பட்டியலை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அழிந்துபோகாதாம். நாள் கிழமையோடு அப்படியே இருக்குமாம். அதைத் திறக்க ஓ.டி.பி. வேண்டும். அது அக்காவின் கைப்பேசிக்கே வந்தது. அந்த ஆறு எண்களையும் அவளே வாசித்துக் காட்டினாள். பிறகு, மாமியாருக்கு முடியவில்லை, எல்லையை அடைத்திருந்தார்கள், அதற்காகத்தான் என்று நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறாள். அவர் பொறுமையாகக் கேட்டாராம். அதன்பிறகு, தினமும் பார்த்தேன் என்று நான் எழுதிக் கொடுத்த தாளை எடுத்து மேலே வைத்தாராம். "ஒருத்தர் இங்க இருந்தாங்கங்குறாங்க, நீங்க அங்க இருந்தேங்கிறீங்க. இப்ப நான் எதம்மா நம்புறது?" என்று கேட்டாராம்.

சான்றிதழை ரத்து செய்தார்கள். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. விதியில் தொடர்ந்து என்ற சொல் இருக்கிறது. இடையில் பதினான்கு மாதம் கிடக்கிறது. அந்தப் பக்கத்து மாநிலத்தில் கேட்கலாமென்றால், அங்கே இவள் ஒருநாளும் படித்ததில்லை. இரண்டு பக்கத்துக்கும் இல்லாத பிள்ளையாகிப் போனாள். பட்டியல் வெளியானபோது அவள் பெயர் இருக்கவேண்டிய வரிசையில் அடுத்த பெயர் ஏறி நின்றது.

நான் எழுதவில்லை என்று சொல்வதற்காகப் போனேன். அக்கா கதவைத் திறந்து, உள்ளே வா என்று சொல்லாமல் நிலைப்படியிலேயே நின்றாள்.

"மனுவ நான் எழுதலக்கா. சத்தியமா நான் இல்ல."

"தெரியும். ஒனக்கு எழுதவேண்டிய அவசியமே இல்லையே. அதான் வாயால சொல்லிட்டியே."

கோபமே இல்லாமல் சொன்னாள். மகள் எங்கே என்று கேட்டேன். தூங்குகிறாள் என்றாள். காலை பதினோரு மணி. கடற்கரைக்கு அவள் ஓட வருவது நின்றுபோய் அப்போது மூன்று வாரம் ஆகியிருந்தது. இன்னொரு முறை பரீட்சை எழுதுவாளா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. எழுதினாலும் அந்தப் பதினான்கு மாதத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

பள்ளியில் அவள் என்னோடு பேசாமல் இல்லை. பேசினாள். மணி என்ன, கூட்டம் எப்போது, சாவி யாரிடம் என்று பேசினாள். பீரியட் கடன் கேட்டு மைதானத்துக்கு வருவது மட்டும் நின்றது. வேண்டியதைத் தாளில் எழுதி அனுப்பினாள்.

ஐப்பசி பிறந்தது. மழை ஒன்றிரண்டு நாள் பெய்து ஓய்ந்தது. இந்த வருடம் கூப்பிடமாட்டாள் என்றுதான் இருந்தேன். பந்துகளை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தபோது பத்தாம் வகுப்பிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். "மிஸ், இங்கிலீஷ் மிஸ் ஒங்கள கூப்பிடுறாங்க. பெல்ட்டையும் எடுத்துட்டு வரச் சொன்னாங்க."  ஒருவேளை மனசு இறங்கியிருப்பாளோ என்று ஓர் ஆசை வந்தது. அந்த ஆசையோடுதான் படியேறினேன்.

கரும்பலகையில் அந்தத் தொடர் எழுதியிருந்தது. அவள் ஜன்னலோரமாக நின்றாள். நான் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வழக்கம்போலச் சொன்னேன். கோட்டுக்கு மேலே அடிக்கலாம், கீழே கூடாது. பிள்ளைகள் சிரித்தார்கள். பெல்ட்டை அவிழ்க்கப் போனேன்.

"கீழ அடிச்சா அடிச்சவங்களுக்கு என்ன ஆவும்?" என்று அவள் கேட்டாள். பன்னிரண்டு வருடத்தில் அவள் கேட்காத கேள்வி.

"வேணும்னே அடிச்சாங்கன்னு நடுவர் முடிவு பண்ணா, போட்டிய விட்டே வெளிய அனுப்பிடுவாங்க."

"வேணும்னு இல்ல, வேகத்துல பட்டுடுச்சுன்னு முடிவு பண்ணா?"

"அடிபட்டவங்களுக்கு ஒன்றரை நிமிஷம் கொடுப்பாங்க. மூச்சு வாங்கிக்க."

"அதுக்குள்ள அவங்களால எந்திரிக்க முடியலன்னா?"

இதை நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. சொன்னால் பாடத்துக்கே பொருந்தாது என்று விட்டுவிடுவேன். அவள் காத்திருந்தாள். நாற்பது பிள்ளைகளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடிச்சவங்க ஜெயிச்சதா அறிவிச்சுடுவாங்க" என்றேன்.

முதல் பெஞ்சில் ஒரு பெண், "அது எப்படி மிஸ்? அநியாயமா இருக்கே" என்றாள்.

 அக்கா சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் நோட்ட எடுங்க" என்றாள். நான் பெல்ட்டைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றேன். ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். இரண்டு வரி எழுதிவிட்டு, என் பக்கம் பாதி திரும்பினாள்.

"ரொம்ப நன்றி மிஸ். நீங்க போகலாம்" என்றாள்.